இடம்பெயர்ந்த பொறியும் எமது இடாப்பும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டனர். தமிழாசிரியரிடம் கேட்போர் எதனை எதிர்பார்ப்பர் என்பது யாம் அறியாததன்று. குறளின் நயம், புராணச் சிறப்பு, எம்மை வளர்த்த ஆசிரியர்களின் பெருமை என்னும் இவற்றுள் ஒன்றை எழுதியிருப்பின் சங்கத்தாரும் மகிழ்ந்திருப்பர். எமக்கும் தொல்லை இருந்திராது. ஆயினும், சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில் எமது இல்லத்திற்கு வந்த மாணாக்கன் ஒருவன் கூறிய செய்தி எமது நெஞ்சை விட்டு அகலாதிருக்கின்றது. அது கணினியைப் பற்றிய செய்தி. தமிழாசிரியருக்குக் கணினியோடு என்ன வழக்கு என்று அன்பர்கள் வினவலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

அம்மாணாக்கன் இக்கல்லூரியிற் பயின்றவன் அல்லன். யாம் இக்கல்லூரியை விட்டு நீங்கியபின், கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னுஞ் சான்றிதழோடு சென்று கற்பித்த பாடசாலை ஒன்றில் எம்மிடம் தமிழ் படித்தவன். இப்பொழுது கொழும்பில் இருந்துகொண்டு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெருங்கணினிகளைப் பேணுந் தொழில் செய்கின்றான். ஒருநாள் மாலை முற்றத்து வேப்பமரத்தின் கீழ் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபொழுது, தான் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தன் தொழிலைப் பற்றித் தமிழிற் பேசவேண்டியிருக்கின்றது என்றும், அதற்குச் சில சொற்கள் வேண்டும் என்றும் கூறினான்.

“டொப்போலொஜி என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம், சேர்?” என்று கேட்டான்.

“இடத்தியல் என்று கலைச்சொல் உண்டே” என்றோம்.

“அது கணித பாடத்துக்குச் சரி, சேர். நான் சொல்லப்போவது, கணினிக்குள்ளே முறைவழியாக்கிகள் எது எதற்குப் பக்கத்தில் இருக்கின்றன என்ற கதை. அந்த ஒழுங்கு இடையில் மாறிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி” என்றான்.

பொருளை அறியாது சொல்லை ஈதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே, பொருளை முதலிற் கூறு என்றோம். அன்று மாலை அவன் ஆசிரியனானான், யாம் மாணாக்கரானோம். அவனிடங் கற்றதை எமக்கு விளங்கிய அளவில் ஈண்டுத் தருகின்றோம்.

கணினியுள் நிகழும் எல்லா வேலைகளையும் ஆள்வது பணிசெயல் முறைமை என்பதாகும். அதன் நடுவே இருப்பதைக் கேர்னல் என்பர். யாம் அதனைக் கேணல் என்று செவிமடுத்து, படைத்தலைவர் ஒருவர் கணினியுள் எவ்வாறு புகுந்தார் என மயங்கினோம். அவன் நகைத்து, “கேணல் இல்லை, சேர், கேர்னல். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு” என்றான். தமிழ்நாட்டார் இதனைக் கருனி என வழங்குவர். நல்ல சொல்லாதலின் யாமும் அதனையே ஆள்வாம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் என்னுங் கருனியே இன்று உலகின் பெருங்கணினிகள் மிகப் பலவற்றை இயக்குகின்றது.

பெருங்கணினி ஒன்றினுள் முறைவழியாக்கிகள் பல இருக்கும். கணிப்பு வேலையைச் செய்வன அவையே. ஒவ்வொரு சில்லினுள்ளும் பல அகங்கள் உண்டு. ஒவ்வோர் அகமும் ஒரே வேளையிற் பல இழைகளாக நின்று வேலை செய்யும். ஐ.பி.எம். நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் 8 என்னும் முறைவழியாக்கியில் ஓர் அகத்திற்கு 8 இழைகள் வரை உண்டு. ஒவ்வொரு சில்லிற்கும் அண்மையில் அதற்குரிய நினைவகம் இருக்கும். எந்த முறைவழியாக்கியும் எந்த நினைவகத்தையும் அணுகலாம். ஆனால் அண்மையில் உள்ளதை அணுகுதல் விரைவு, சேய்மையில் உள்ளதை அணுகுதல் தாமதம். தன் வளவுக் கிணற்றில் அள்ளினாலும், ஒழுங்கை கடந்து அயலவர் வளவிற் சென்று அள்ளி வந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். குடத்தைச் சுமப்பவளுக்கே வேறுபாடு தெரியும்.

எனவே, கருனி விழித்தெழும்பொழுது முதலிற் செய்யுங் காரியங்களுள் ஒன்று, யார் யார் எங்கெங்கே இருக்கின்றனர் என்று கேட்டு எழுதிக்கொள்வதாகும். பவர் கணினிகளில் இச்செய்தி சாதன மரம் என்னும் ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் நேரே எண்கள் சில வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவ்வரிசை, மாகாணம், மாவட்டம், கிராமம், ஒழுங்கை, வீடு என்று நாம் முகவரி எழுதுவதை ஒத்தது. பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்திற்குச் செல்லும். இரண்டு முகவரிகள் எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவ்விருவரும் அயலவர். இம்முகவரிகளைக் கொண்டே கருனி வேலைகளைப் பங்கிடும். ஒரு வேலைக்குரிய செய்தி எந்த நினைவகத்தில் இருக்கின்றதோ, அதற்கு அண்மையில் உள்ள முறைவழியாக்கியிடம் அவ்வேலையைக் கொடுக்க முயலும். நல்ல வகுப்பாசிரியர் பார்வை குன்றிய பிள்ளையைக் கரும்பலகைக்கு அண்மையில் இருத்துவது போல என்க.

இதுகாறும் சிக்கல் இல்லை. இனித்தான் சிக்கல் தோன்றுகின்றது.

இக்காலத்தில் ஒரு பெருங்கணினியை ஒருவரே முழுவதும் ஆள்வது அரிது. ஒரு பொறியைப் பல கூறுகளாக்கி, ஒவ்வொன்றும் தனிக்கணினி போலத் தோன்றும்படி செய்து வழங்குவர். இவற்றை மெய்நிகர் பொறிகள் என்ப. இவற்றையெல்லாம் மேலிருந்து ஆளும் நிரல் ஒன்று உண்டு. அதனை மேற்பார்வை நிரல் என்று கொள்வாம். மெய்நிகர் பொறி ஒன்று, தான் வேலை செய்துகொண்டிருக்கும்பொழுதே, ஒரு மெய்ப்பொறியிலிருந்து மற்றொரு மெய்ப்பொறிக்குக் குடிபெயரவும் இயலும். ஐ.பி.எம். நிறுவனம் 2007ஆம் ஆண்டில் பவர் 6 கணினிகளோடு இவ்வசதியை அளித்தது. பழைய பொறியைப் பழுது பார்க்கவேண்டுமாயின், அதில் உள்ள குடிகளை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டு மின்னை நிறுத்தலாம். பெயரும் விதம் இதுவாகும்: நினைவகம் பக்கம் பக்கமாகப் புதிய பொறிக்குப் பிரதி செய்யப்படும். அதற்கிடையே சில பக்கங்கள் மாறிவிடும். மாறியவற்றை மீண்டும் அனுப்புவர். எஞ்சியவை சிலவானபொழுது, மெய்நிகர் பொறியைச் சிறுபொழுது உறங்கச்செய்து, புதிய இடத்தில் எழுப்புவர். அக்கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மக்கள் இதனைப் பெரும்பாலும் உணர்வதில்லை.

ஆனால் விழித்தெழுந்த கருனியின் நிலை என்ன? அதன் கையிலிருப்பது பழைய ஊரின் படம். முன்பு ஒரே சில்லில் அயலவராய் இருந்த இருவர் இப்பொழுது வேறு வேறு சில்லுகளில் இருக்கலாம். அண்மை என்று எழுதிவைத்த நினைவகம் சேய்மையாகியிருக்கலாம். படம் பொய்யாகிவிட்டதனால் கணினி இறந்துபடாது, களைத்துப்போகும். வளவிலே கிணறு இருப்பதை அறியாது, ஒழுங்கை கடந்து தண்ணீர் சுமந்துகொண்டிருக்கும்.

இதற்குக் கருனி செய்வது, எழுந்தவுடன் மேற்பார்வை நிரலைப் பார்த்து, யான் உறங்கியபொழுது மாறியவை எவை என்று வினவுவதாகும். இன்ன இன்ன உறுப்புகள் மாறின, அவற்றின் இன்ன இன்ன குணங்கள் மாறின என்று விடை வரும். அதன்படி சாதன மரம் திருத்தப்படும். இம்மட்டில் எல்லாம் நலமே.

“அப்படியானால் காரியம் முடிந்ததல்லவா? முகவரியைத் திருத்தியாயிற்றே” என்றோம்.

“நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், சேர்” என்றான் அவன்.

அவன் கூறியதன் சுருக்கம் இது. பவர் கணினிகளுக்கான லினக்ஸில், 2010ஆம் ஆண்டையடுத்த காலத்தில், முறைவழியாக்கிகளின் முகவரி மாறியதை அறிந்து, ஓடிக்கொண்டிருக்கும் கருனியின் படத்தையே மாற்றி எழுதும் முறை சேர்க்கப்பட்டது. அதனைச் செய்வதற்கு எல்லா முறைவழியாக்கிகளையும் ஒருகணம் கைகட்டி நிற்கச்செய்வர். பாதிப்பேர் பழைய படத்தையும் பாதிப்பேர் புதிய படத்தையும் பார்த்து வேலை செய்யலாகாது என்பதே காரணம். ஓர் அகத்தின் இழைகள் எல்லாம் ஒருங்கே பெயர்தல் வேண்டும். ஓர் இழை ஓரூரிலும் மற்றோர் இழை வேறோரூரிலும் இருப்பதாக எழுதிவிட்டால், ஒரே உடம்பின் இரு கைகள் இரு மாவட்டங்களில் இருப்பதாக எழுதியது போலாகும். அத்தகைய பிழையும் ஒருகால் நேர்ந்து, திருத்தப்பட்டது. பின்னர் வேலை பங்கிடும் வட்டங்களைக் கலைத்துப் புதிதாக அமைப்பர். இவ்வளவு கவனமாகச் செய்தும் கணினிகள் சில வேளைகளில் நிலைகுலைந்தன.

ஏன் எனின், படத்தைப் பார்த்தவர்கள் பலர். கருனியின் வெவ்வேறு பகுதிகள், தொடக்கத்தில் ஒருமுறை படத்தைப் பார்த்து, இன்ன முறைவழியாக்கி இன்ன இடத்தது என்று தம்தம் ஏட்டிலே குறித்துக்கொண்டன. அதற்கேற்ப நினைவகத்தை ஒதுக்கின. அதற்கேற்ப வரிசைகளை அமைத்தன. இவ்விடம் வாழ்நாள் முழுவதும் மாறாது என்பது அவற்றின் நம்பிக்கை. கருனியை ஆக்கியோரும் அந்நம்பிக்கையின் மேலேதான் அதனைக் கட்டினர். தலைமைப் படம் திருந்தியபொழுது அந்த ஏடுகள் திருந்தவில்லை. புதிதாகச் சுட்டப்பட்ட இடம், தொடக்கத்தில் ஆயத்தஞ் செய்யப்படாத இடமாயின், அங்கே கைநீட்டியவனுக்கு ஒன்றும் அகப்படாது. முறைமை முழுதும் விழுந்துபோம்.

ஆகவே, 2020ஆம் ஆண்டில் அம்முறையை லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டனர். இப்பொழுது குடிபெயர்ந்தபின் சாதன மரம் திருந்தும். எனினும், முறைவழியாக்கி எவ்விடத்தது என்று கருனி தொடக்கத்தில் எழுதிய படம் அவ்வாறே இருக்கும். மீண்டும் தொடங்கும்பொழுதே புதிய படம் எழுதப்படும். எல்லாரிடமும் ஒரே பழைய படம் இருத்தல், சிலரிடம் பழையதும் சிலரிடம் புதியதும் இருத்தலினுந் தீங்கு குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. வேறு இனக் கணினிகள் பலவற்றில், குடிபெயர்ந்தாலும் ஒரே தோற்றத்தையே மேற்பார்வை நிரல் காட்டிக்கொண்டிருக்கும். வந்தவனுக்குத் தான் வந்ததே தெரியாது.

திருத்தவே இயலாது என்பதும் இல்லை. பதுக்கு நினைவகம் எங்கெங்கே உள்ளது என்னும் விவரத்தைப் பொறுத்தவரையில் 2019ஆம் ஆண்டில் வேறொரு வழி கண்டனர். மரத்தைத் திருத்துவதற்கு முன்னரே அவ்விவரம் முழுவதையும் இடித்துவிடுவர்; மரந் திருந்தியபின் அதனைப் பார்த்துப் புதிதாகக் கட்டுவர். அங்கே பிரதி வைத்திருப்போர் யாவர் என்பது தெரிந்திருந்தது. ஆதலின் அது கைகூடிற்று.

இவ்வளவுஞ் சொல்லி முடித்தபின், அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அட்டவணையைத் திருத்துவது பெரிய வேலை இல்லை, சேர். அதைப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை” என்றான்.

யாம் பேச்சற்றுப் போனோம். அன்பர்காள், தமிழாசிரியருக்குக் கணினியோடு என்ன வழக்கு என்னும் வினாவிற்கு விடை இனி வருவது.

2010ஆம் ஆண்டு முதலாந் தவணை. போர் முடிந்த மறு ஆண்டு. வன்னியிலிருந்து முகாம்களின் வழியாக வந்த குடும்பங்கள் பல எமது பாடசாலைச் சூழலிற் குடியேறின. ஒரே வாரத்தில் எமது வகுப்பிற்குப் புதிய பிள்ளைகள் பதினொருவர் வந்தனர். யாம் அவ்வகுப்பிற்கு வகுப்பாசிரியர். பயிற்சிக் கலாசாலையிற் கற்ற ஒழுங்கின்படி, பிள்ளைகளின் விவரங்களை அலுவலக இடாப்பிலிருந்து எமது கொப்பியிற் பார்த்தெழுதிக்கொண்டோம். பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர், தொழில், முகவரி என்று கோடிட்டு, அழகிய கையெழுத்தில் எழுதினோம். அக்கொப்பியையிட்டு எமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

இரண்டாந் தவணையிற் பெற்றார் கூட்டம் நடந்தது. மறுநாட் காலை, வராதவர்களின் பெயர்களை எமது கொப்பியைப் பார்த்து வாசித்தோம். மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு பையனை எழுப்பி, அவன் தந்தையின் பெயரைச் சொல்லி, “அவர் ஏன் கூட்டத்திற்கு வரவில்லை? நாளைக்கு அவரை அழைத்துக்கொண்டு வா” என்று வகுப்பார் எல்லாரும் கேட்கக் கூறினோம்.

அவன் எழுந்து நின்றான். எம்மைப் பார்த்தான். “ஓம், சேர்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தான்.

பின்னர் மூன்று நாட்கள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார் அவனோடு வந்தார். கையிற் சத்தியக் கடதாசி ஒன்றின் பிரதி இருந்தது. அவனுடைய தந்தையார் 2009ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அவ்வம்மையார் சினந்து ஒன்றுஞ் சொல்லவில்லை. “நான் கந்தோரிலை அப்பவே குடுத்தனான், சேர்” என்று மாத்திரம் சொன்னார்.

யாம் அலுவலகத்திற்குச் சென்று இடாப்பைப் புரட்டினோம். அவர் கூறியது உண்மையே. தந்தையின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. யாம் பிரதி எடுத்துப் பத்து நாட்களின் பின் எழுதப்பட்ட குறிப்பு அது. எழுதியவரிடத்திற் பிழை இல்லை. தலைமை இடாப்புத் திருந்தியே இருந்தது. அதனைப் பார்த்தெழுதிய கொப்பி ஒன்று எம்மிடம் இருந்ததையும், அதனை நம்பி ஒரு பிள்ளையை யாம் எழுப்பப்போகின்றோம் என்பதையும் அவர் எங்ஙனம் அறிவார்? பிரதி எடுத்தவர் யாமே. மாறியது உண்டா என்று போய்ப் பார்த்திருக்கவேண்டியவரும் யாமே. ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைகளின் முன்னே, மாறாத ஊரில் வாழ்வோருக்குரிய கொப்பியை விரித்து வைத்திருந்தோம்.

அன்று தொடக்கம் அக்கொப்பியை யாம் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, “மாறியது ஏதும் உண்டோ?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சில பிள்ளைகள் இல்லை என்பர். சிலர் வீடு மாறினோம் என்பர். சிலர் ஒன்றுஞ் சொல்லாது நிற்பர். அவர்களை மறுவாரமும் அழைப்போம்.

அன்பர்கள் ஊகித்திருப்பீர்கள். மூன்றாம் வரிசையிலிருந்த அப்பையனே, வேப்பமரத்தின் கீழ் எமக்குக் கருனியின் கதையைக் கூறியவன்.

பதினைந்து ஆண்டுகளாக அதனைப் பற்றி யாம் அவனிடம் பேசியதில்லை. அன்று பேசினோம். “வகுப்பார் முன்னே உன்னை எழுப்பிக் கேட்டோமே, தம்பி. அது எமது பிழை. அன்றைக்கே உன்னிடம் அதனைச் சொல்லியிருக்கவேண்டும்” என்றோம்.

அவன் சிறிதுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், “அது எனக்கு நினைவிருக்கிறது, சேர். ஆனால் அதைவிட நினைவிருப்பது, பிறகு ஒவ்வொரு தவணையும் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றான்.

இருவரும் அதன்மேற் பேசவில்லை. பொழுது பட்டுவிட்டது. புறப்படும்பொழுது, கேட்ட சொல்லை நினைவூட்டினான். இடவமைவு என்று வைத்துக்கொள் என்றோம். இடவமைவைப் புதுப்பித்தல் என்று இருமுறை சொல்லிப் பார்த்தான். பிள்ளைகளுக்கு விளங்கும் என்று மகிழ்ந்து விடைபெற்றான்.

இக்கட்டுரையை விழா மலருக்கு எழுதத் துணிந்ததற்கு மற்றுமொரு காரணம் உண்டு. பழைய மாணவர் சங்கத்தின் முகவரிப் பதிவேட்டை அண்மையிற் பார்க்க நேர்ந்தது. அதில் உள்ள முகவரிகள் பல, 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இடப்பெயர்வுக்கு முன்னர் எழுதப்பட்டவை. அவ்வொழுங்கைகள் இருக்கின்றன, அவ்வீடுகளுட் சில இல்லை, அவ்வீட்டார் பலர் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இருக்கின்றனர், சிலர் எங்கும் இலர். அம்முகவரிகளைப் பார்த்து, நாமும் வகுப்புத் தோழரின் வீட்டுக்கு மடல் எழுதுகின்றோம். அவர்தம் தாய் தந்தையர் நலமா என்று கேட்கின்றோம். எமது கொப்பியைப் போன்ற கொப்பி ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒன்று இருக்கின்றது.

சங்கத்தார் பதிவேட்டைத் திருத்துவர் என்பதில் ஐயமில்லை. அன்பர்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் முகவரி மாறியிருப்பின் சங்கத்தார்க்கு அறிவியுங்கள். உங்கள் பழைய முகவரியைப் பார்த்தெழுதி வைத்திருக்கும் தோழர்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்து, அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். நெடுநாட் காணாத தோழரைக் காணும்பொழுது, பழைய கொப்பியை விரித்துப் பெயர் வாசியாது, மாறியது ஏதும் உண்டோ என்று முதலிற் கேளுங்கள். அவர் விடை கூறச் சற்றுத் தாமதிப்பாராயின் பொறுத்திருங்கள்.

எமது கல்லூரி பல்லாண்டு வாழ்க.